பாம்புக்கடியும் வயிற்றிலிருக்கும் குழந்தையும்

கருவுற்ற பெண் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால், அந்த விஷம் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேருமா என்பதுதான் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி. உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில், விஷப் புரதங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்கள் யாராவது இதைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்களின் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது: விஷம் தாயின் இரத்தத்தில் கலந்து, தொப்புள்கொடி வழியாக இறங்கி, குழந்தையைத் தாக்குகிறது. இந்தச் சித்திரம் முழுப் பொய் இல்லை என்றாலும், நடப்பதன் பெரும்பகுதியை அது மறைத்துவிடுகிறது. மருத்துவ இதழ்களில் வெளியான அறிக்கைகளைப் படித்தவரை எனக்குப் படுவது இதுதான்: பாம்புக்கடிக்குப் பின் குழந்தை பிழைக்குமா என்பதைப் பெரும்பாலும் தாயின் இரத்த உறைவும் இரத்த அழுத்தமும் மூச்சும் தீர்மானிக்கின்றன, அவற்றை எவ்வளவு விரைவில் மீட்கிறோம் என்பதைப் பொறுத்தே மற்றவை அமைகின்றன. குழந்தைக்குக் கெடுதலாகிவிடுமோ என்று அஞ்சி விஷமுறிவு மருந்தைத் தள்ளிப்போடுவது ஏன் ஆபத்தானது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

பாம்புக்கடி உலகெங்கும் எவ்வளவு பெரிய சுமை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடுகள் காட்டுகின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் 18 முதல் 27 லட்சம் பேருக்கு விஷம் உடலில் ஏறுகிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். 2017இல் அந்நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது; 2030க்குள் இறப்பையும் ஊனத்தையும் பாதியாகக் குறைப்பதற்கான திட்டத்தை 2019இல் வெளியிட்டது. கடிபடுகிறவர்களில் வயலில் வேலை செய்கிறவர்களே மிகுதி. அவர்களில் மகப்பேற்று வயதிலுள்ள பெண்களும் கணிசமாக இருக்கிறார்கள். ஆயினும் கருவுற்ற பெண்கள் மருந்துச் சோதனைகளிலிருந்து வழக்கமாக விலக்கப்படுவதால், அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளே.

விஷம் குழந்தையை எட்டுமா என்ற கேள்விக்கு வருவோம். நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே உயிரணுக்களாலான மெல்லிய சுவர் ஒன்று இருக்கிறது. எது அதைக் கடக்கும், எது கடக்காது என்பதைப் பெரும்பாலும் மூலக்கூற்றின் பருமனும் மின்னூட்டமும் முடிவு செய்கின்றன. மூலக்கூற்றின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். 500 டால்டனுக்குக் குறைவான எடையுள்ள மருந்துகள் எளிதாகக் கடந்துவிடும்; 1,000 டால்டனைத் தாண்டியவை மிகக் குறைவாகவே கடக்கும். ஏறத்தாழ 5,800 டால்டன் எடையுள்ள இன்சுலின் தாயிடமிருந்து குழந்தைக்குக் கணிசமாகச் செல்வதில்லை. கர்ப்பகால நீரிழிவுக்கு அதைத் தயக்கமின்றிக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாகப்பாம்பின் நரம்பு நச்சுகள் 6,000 முதல் 8,000 டால்டன் வரை எடையுள்ளவை. பெரும்பாலான பாம்புகளின் விஷத்தில் இருக்கும் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் நொதிகளின் எடை 13,000 முதல் 15,000 டால்டன். இரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும் மெட்டலோபுரோட்டினேஸ்கள் 20,000இலிருந்து 1,00,000 டால்டன் வரை போகின்றன. கண்ணாடி விரியன் விஷத்தில் இரத்த உறைவைத் தூண்டிவிடும் முக்கிய நொதியின் எடை 90,000 டால்டனைத் தாண்டுகிறது. எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், இவற்றில் எதற்கும் நலமான நஞ்சுக்கொடியைத் தாண்டும் வாய்ப்பு அதிகம் இல்லை.

ஆனால் கணக்கை இத்துடன் முடிக்கவும் முடியாது. விரியன் வகைப் பாம்புகளின் விஷம் இரத்தக்குழாய்களின் உட்சுவரையே குலைக்கிறது; அது நஞ்சுக்கொடியின் சுவரை மட்டும் விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. சுவர் சிதைந்த இடத்தில் பருமன் பற்றிய கணக்கு செல்லாது. மேலும், தென் அமெரிக்கக் குழிவிரியன்களின் விஷத்தில் சில அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய பெப்டைடுகளும் இருக்கின்றன. தாயிடம் விஷத்தின் அறிகுறி பெரிதாகத் தெரியாதபோதும் குழந்தை பாதிக்கப்பட்டதாகச் சில அறிக்கைகள் உண்டு. அத்தகைய அறிக்கைகளை நான் ஒதுக்கவில்லை. விஷம் சிறிதளவேனும் கடந்திருக்கலாம் என்பதை அவை திறந்தே வைக்கின்றன. ஆனால் எண்ணிக்கையில் அவை சிறுபான்மை.

விஷம் நேரடியாகக் குழந்தையைத் தாக்குகிறது என்ற சித்திரத்துக்கு எதிராக நிற்கும் இரண்டு உடலியல் உண்மைகள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, குழந்தை தன் இரத்த உறைவுக் காரணிகளைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. உறைவுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் என்ற புரதம் தாயிடமிருந்து நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. எனவே தாயின் இரத்தம் உறையவே இயலாத நிலையிலிருக்கும்போதும், விஷம் கடந்து வராதவரை, குழந்தையின் இரத்தம் தன் உறையும் திறனை இழக்கக் காரணமில்லை. இரண்டாவது, அறுவைச் சிகிச்சையில் தாயின் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கப்படும் குராரே வகை மருந்துகள் குழந்தையை மிகக் குறைவாகவே எட்டுகின்றன. மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகளை நஞ்சுக்கொடி எளிதில் விடுவதில்லை. நாக விஷத்தின் நரம்பு நச்சுகள் தாக்குவதும் அதே குராரே தாக்கும் ஏற்பியைத்தான், அதாவது நரம்பின் சமிக்ஞையைத் தசையில் ஏற்கும் புரதத்தைத்தான். அவையும் மின்னூட்டம் கொண்டவை, பருமனிலோ பல மடங்கு பெரியவை. தாய் இமையைத் தூக்கவே முடியாமல் கிடக்கும்போது வயிற்றில் குழந்தை அசைந்துகொண்டிருக்கலாம் என்பதை இந்த அடிப்படையில் புரிந்துகொள்ள முடியும்.

அப்படியானால் குழந்தைகள் ஏன் இறக்கின்றன? இதற்குத் தாயின் இரத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி விரியன் விஷம் உறைவுச் சங்கிலியின் பத்தாம், ஐந்தாம் காரணிகளை முடுக்கிவிடுகிறது. சுருட்டை விரியன் விஷம் அதற்கடுத்த படியிலுள்ள புரோத்ராம்பினை நேரடியாகத் தூண்டுகிறது. இரண்டின் முடிவும் ஒன்றே: உடலெங்கும் கட்டுப்பாடின்றிச் சிறு உறைவுகள் தோன்றித் தோன்றிக் கரைவதில், கையிருப்பிலிருந்த ஃபைப்ரினோஜன் முழுவதும் சில மணி நேரத்தில் செலவாகிவிடுகிறது, அதன்பின் இரத்தம் உறைவதில்லை. இந்த நிலையில் நஞ்சுக்கொடிக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவே சிறிது கசிவு தொடங்கினாலும் அது நிற்காது. திரளும் இரத்தம் நஞ்சுக்கொடியைச் சுவரிலிருந்து பெயர்க்கிறது. பெயர்ந்த பரப்பின் வழியே குழந்தைக்கு ஆக்சிஜன் செல்வதில்லை. பாதிக்கு மேல் பெயர்ந்துவிட்டால் குழந்தை பிழைப்பது அரிது. விரியன் கடிக்குப் பின் நிகழும் குழந்தை இழப்புகளில் மீண்டும் மீண்டும் பதிவாகும் காரணங்களில் இது ஒன்று. இரத்தம் நஞ்சுக்கொடிக்குப் பின்னாலேயே தேங்கிவிட்டால் வெளியே ஒரு துளியும் தெரியாமல் இருக்கக்கூடும் என்பதால், உதிரப்போக்கு இல்லை என்ற ஆறுதல் இங்கே பயன்படாது. வயிறு கல்லாக இறுகுவதும் விடாத வலியும் குழந்தையின் அசைவு குறைவதும் அதைவிட நம்பகமான அறிகுறிகள்.

அடுத்தது கருப்பையின் சுருக்கம். உறைவுச் சங்கிலி முடுக்கப்படும்போது உருவாகும் த்ராம்பின், கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் மிக்கது. விஷத்தின் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் நொதி உயிரணுச் சவ்வுகளிலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கிறது. அதிலிருந்து பிராஸ்டகிளாண்டின்கள் உருவாகின்றன. பிரசவ வலியைத் தூண்ட மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. விஷம் நஞ்சுக்கொடியைத் தாண்டாமலேயே குறைமாதப் பிரசவத்தைத் தூண்டிவிட முடியும் என்பது இதனால் தெளிவாகிறது. 28 வாரங்களில் பிறந்த குழந்தைக்கு நுரையீரல் முதிராததே தனி ஆபத்து. அதற்கு முன் பிறந்தால் நிலைமை இன்னும் கடினம்.

இரத்த அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் கர்ப்பகால உடல் நம்மை ஏமாற்றுகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி லிட்டர் வரை இரத்தம் பாய்கிறது. மூளையின் இரத்தக்குழாய்கள், அழுத்தம் குறையும்போது தாமே விரிந்து ஓட்டத்தைக் காத்துக்கொள்ளும். கருப்பையின் குழாய்கள் ஏற்கெனவே முழுமையாக விரிந்திருப்பதால் அவற்றுக்கு அந்த வசதி இல்லை. தாயின் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குறைவான இரத்தமே நஞ்சுக்கொடிக்குப் போகும். மறுபுறம், கர்ப்பத்தில் தாயின் இரத்தக் கொள்ளளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருப்பதால், கணிசமான அளவு இரத்தத்தை இழந்த பின்பும் அவருடைய அழுத்தமானி இயல்பான எண்ணையே காட்டக்கூடும். உடல் தன் மையத்தைக் காக்க முதலில் கைவிடுவது கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தைத்தான். எனவே தாயின் எண்கள் சரியாக இருக்கும்போதே குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறத் தொடங்கலாம். அதைத் தாயின் நிலை மோசமாவதற்கான முன்னெச்சரிக்கையாகவே மருத்துவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே குறிப்பிட்ட, தாய் நலமாக இருந்தும் குழந்தை பாதிக்கப்பட்ட அறிக்கைகளில் சிலவற்றுக்காவது விளக்கம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இதோடு சேர்ந்தது தாயைப் படுக்கவைக்கும் விதம். ஏறத்தாழ 20 வாரங்களுக்குப் பின், மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை அடிவயிற்றின் பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கும். பாம்பு கடித்தவரை அசையாமல் மல்லாந்து படுக்கவைப்பது என்ற பொதுவான அறிவுரை நிறைகர்ப்பிணிக்கு அப்படியே பொருந்தாது. அவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஆகியவை யாருக்கும் கூடாதவை என்பதால் அவற்றைப் பற்றித் தனியே சொல்ல ஒன்றுமில்லை.

நாகம், கட்டுவிரியன் (பெயரில் மட்டுமே விரியன்) போன்றவற்றின் கடியில் கதை வேறு. அங்கே ஆபத்து மூச்சுத் தசைகள் செயலிழப்பது. தாயின் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தையின் ஆக்சிஜனும் குறையும். ஆனால் குழந்தையின் ஹீமோகுளோபின் குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் திறன் உடையது என்பதால், சிறிது நேரத் தட்டுப்பாட்டை அது தாங்கும். உரிய நேரத்தில் செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டால், இவ்வகைக் கடிகளில் குழந்தைக்கான வாய்ப்பு விரியன் கடியைவிட நன்றாகவே இருக்கிறது. இங்கே மகப்பேறு மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு: குறைமாதக் குழந்தையின் மூளையைக் காக்கவும் வலிப்பைத் தடுக்கவும் வழக்கமாகக் கொடுக்கப்படும் மெக்னீசியம் சல்ஃபேட், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் சமிக்ஞையைத் தளர்த்தும் மருந்து. நரம்பு நச்சால் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருப்பவருக்கு அதைக் கொடுப்பது மூச்சை மேலும் நலியச் செய்யலாம்.

உறுப்புக் குறைபாடு பற்றிய அச்சம் குடும்பத்தினரிடம் மிக ஆழமாக இருக்கும். குழந்தையின் உறுப்புகள் பெரும்பாலும் கருவுற்ற மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை உருவாகின்றன. குறைபாடு நேர்வதானால் அந்த இடைவெளியில் நேர்ந்த கடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆய்வுக்கூட விலங்குகளுக்கு விஷத்தைச் செலுத்திய சோதனைகள் சிலவற்றில் குட்டிகளிடம் குறைபாடுகளும் எடைக் குறைவும் பதிவாகியுள்ளன. மனிதரிடம் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பற்றிய தனி அறிக்கைகளும் உண்டு. ஆனால் பாம்பையே பார்த்திராத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு 2 அல்லது 3 பேருக்குப் பெரிய குறைபாடு இருக்கும்; உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் கடி எதுவும் இன்றியே கலைந்துவிடும். இந்தப் பின்னணியில் ஓரிரு அறிக்கைகளை வைத்து விஷத்தின் மேல் பழி போட முடியாது. முதல் மூன்று மாதங்களில் கடிபட்ட பெண்ணுக்கு அதை மட்டுமே காரணம் காட்டிக் கருக்கலைப்பைப் பரிந்துரைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்றே கருதுகிறேன். 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படும் விரிவான ஸ்கேன் போதிய விடையைத் தரும்.

இனி மருத்துவமனையில் நடப்பது. இரத்தம் உறைகிறதா என்பதை அறிய உலகெங்கும் பயன்படும் எளிய சோதனை, சிறிதளவு புதிய இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது. இரத்தம் வழிந்தால் உறைவு கெட்டுவிட்டது என்று பொருள். கர்ப்பத்திலும் இச்சோதனை பயன்படும். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. கருவுறாதவர்களிடம் 100 மில்லி லிட்டருக்கு 200 முதல் 400 மில்லி கிராம் வரை இருக்கும் ஃபைப்ரினோஜன், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 400 முதல் 600 வரை உயர்ந்திருக்கும். ஆகவே ஆய்வக அறிக்கையில் 220 என்று வந்து, அதன் அருகே இயல்பு என்று அச்சாகியிருந்தால், நிறைமாதக் கர்ப்பிணியைப் பொறுத்தவரை அது இயல்பன்று. கையிருப்பில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடிக் குழாயில் இரத்தம் உறைந்து நிற்கும். பிரசவத்தில் பெருக்கெடுக்கும் இரத்தத்தை நிறுத்த அந்த அளவு போதாமல் போகலாம். உறைவு கரையும்போது உண்டாகும் துணுக்கான, கர்ப்பத்தில் இயல்பாகவே உயர்ந்திருக்கும் டி-டைமரும் இதேபோல் தவறான திசையில் இழுக்கக்கூடியது.

விஷமுறிவு மருந்து பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன். குதிரையின் உடலில் உருவாக்கப்படும் இம்மருந்தில் இருப்பது நோயெதிர்ப்புப் புரதம். தாயின் நோயெதிர்ப்புப் புரதங்கள் குழந்தைக்குச் செல்வதற்கு நஞ்சுக்கொடியில் தனி ஏற்பி ஒன்று இருக்கிறது. ஒன்றரை லட்சம் டால்டன் எடையுள்ள மூலக்கூறு சுவரைக் கடப்பது அந்த ஏற்பியின் உதவியால்தான். அந்த ஏற்பி பற்றிக்கொள்வது புரதத்தின் வால்பகுதியை. இன்று பரவலாகப் பயன்படும் விஷமுறிவு மருந்துகள் பலவற்றில் அந்த வால்பகுதியை நொதியால் வெட்டி நீக்கிவிடுகிறார்கள். அதனால் மருந்து பெரும்பாலும் தாயின் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. விஷமும் பெரும்பாலும் அங்கேயே இருப்பதால், மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மருந்தின் அளவும் மற்ற பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவே. பாம்பு செலுத்தும் விஷத்தின் அளவு, கடிபட்டவர் கருவுற்றிருக்கிறாரா என்பதைப் பொறுத்து மாறுவதில்லை.

உண்மையான ஆபத்து ஒவ்வாமை அதிர்ச்சி. குதிரைப் புரதத்துக்குத் தாயின் உடல் கடுமையாக எதிர்வினை புரிந்து அழுத்தம் சரிந்தால், கருப்பைக்குச் செல்லும் இரத்தம் உடனே குறையும். அதற்கு மருந்து அட்ரினலின். அது கருப்பைக் குழாய்களைச் சுருக்கும் என்று அஞ்சிக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சரிந்த அழுத்தம் குழந்தைக்குச் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் அந்தச் சுருக்கம் பொருட்படுத்தத் தக்கதன்று. தொடைத் தசையில் 0.5 மில்லி கிராம் என்ற வழக்கமான அளவே இங்கும் பொருந்தும். இந்த ஆபத்து இருப்பதனாலேயே, விஷம் ஏறியதற்கான அறிகுறி எதுவும் இல்லாதபோது, கர்ப்பிணி என்ற ஒரே காரணத்துக்காக மருந்தைச் செலுத்துவதும் தவறு. விஷமில்லாத வெறுங்கடிகள் கணிசமாக உண்டு. அத்தகையவரைக் குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்த உறைவையும், குழந்தை வெளியே பிழைக்கக்கூடிய மாதமாக இருந்தால் அதன் இதயத்துடிப்பையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நைஜீரியாவில் அங்குள்ள சுருட்டை விரியன் கடித்த கர்ப்பிணிகளைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வு, காலத்தே கொடுக்கப்பட்ட விஷமுறிவு மருந்து தாய்க்கும் குழந்தைக்கும் நன்மை தருகிறது என்ற முடிவுக்கே வந்தது. இன்னொரு சான்று பழைய அறிக்கைகளைத் தொகுத்த மதிப்பாய்வுகளில் இருக்கிறது. 1992இல் 50 நோயாளிகளைத் தொகுத்த மதிப்பாய்வில் குழந்தை இழப்பு 43 சதவீதமாகவும் தாய் இறப்பு 10 சதவீதமாகவும் இருந்தன. 2010இல் 200க்கும் மேற்பட்டோரைத் தொகுத்தபோது அவை முறையே ஏறத்தாழ 20 சதவீதமாகவும் 4 சதவீதமாகவும் குறைந்திருந்தன. இந்த இறக்கத்தை முழுவதும் மருத்துவத்தின் வெற்றியாக எடுத்துக்கொள்ளும் ஆசையை நான் அடக்கிக்கொள்கிறேன். தனி அறிக்கையாக எழுதப்படுவது பெரும்பாலும் மோசமாக முடிந்த கதை. நல்லபடியாக வீடு திரும்பியவரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அதனால் இந்தச் சதவீதங்கள் உண்மை நிலையைவிட அதிகமாக இருக்கவே வாய்ப்பு. மறுபுறம், மருத்துவமனைக்கு வந்து சேருமுன் இறந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. கடிபட்ட பெண்ணிடம் இவற்றைச் சொல்வதாயிருந்தால், எண்ணை மட்டும் சொல்லாமல், அது எப்படிச் சேர்ந்த எண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரசவத்தைப் பற்றி ஒன்று. குழந்தையின் துடிப்பு தடுமாறுவதைக் கண்டதும் உடனே வயிற்றைத் திறந்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். உறைவு சரியாகாத உடலில் கத்தி வைத்தால் இரத்தப் போக்கை நிறுத்த முடியாமல் தாயை இழக்க நேரிடும். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறைக்கும் இடமில்லை, ஏனெனில் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டலாம். விஷமுறிவு மருந்து இரத்த ஓட்டத்திலிருக்கும் விஷத்தைக் கட்டிப்போட்ட பின், கல்லீரல் புதிதாக உறைவுக் காரணிகளைத் தயாரிக்க மணிக்கணக்கில் ஆகும். பல நேரங்களில் அந்த மணி நேரங்களைக் காத்திருப்பதே, அவசரமானால் மருந்தோடு, உறைவுக் காரணிகளைக் கொண்ட பிளாஸ்மாவும் ஏற்றிய பின் அறுப்பதே, இருவரையும் காக்கும் வழி. வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டுவதோடு, கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய குழாயை முன்கூட்டியே மூடச் செய்யக்கூடியவை. தாய் ஆர்எச் நெகட்டிவ் இரத்த வகையினராக இருந்து, நஞ்சுக்கொடியில் கசிவு நேர்ந்திருந்தால், குழந்தையின் இரத்த அணுக்களுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்புப் புரதம் உருவாக்குவதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியையும் மறக்கக் கூடாது. பாம்புக்கடியின் பரபரப்பில் எளிதாக விடுபடக்கூடியது அது.

கொஞ்சம் விலகி ஒரு செய்தி. மேலே சொன்ன தென் அமெரிக்கக் குழிவிரியன் வகைகளில் ஒன்றான ஜராராக்காவின் விஷத்தில், இரத்தக்குழாய்களை விரிக்கும் பிராடிகைனினின் வேலையை நீட்டிக்கும் பொருள் ஒன்று இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரேரா 1965இல் வெளியிட்டார். அந்தச் சிறு பெப்டைடுகளின் அமைப்பைப் பின்பற்றியே கேப்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்து உருவாக்கப்பட்டது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிகச் சிறிய மூலக்கூறான கேப்டோபிரில் நஞ்சுக்கொடியை எளிதாகக் கடக்கிறது. கர்ப்பத்தின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் அதை உட்கொண்டால் குழந்தையின் சிறுநீரகம் செயலிழந்து பனிக்குட நீர் வற்றிவிடும் என்பதால், இந்த மருந்துக் குடும்பம் முழுவதுமே கர்ப்பிணிகளுக்கு விலக்கப்பட்டிருக்கிறது. விஷத்தின் பெரிய புரதங்கள் பெரும்பாலும் நஞ்சுக்கொடிச் சுவரோடு நின்றுவிட, அதன் ஒரு துணுக்கைப் பின்பற்றி நாம் செய்த மாத்திரை குழந்தையை எட்டிவிடுகிறது.

தாயும் குழந்தையும் பிழைத்து வீடு திரும்பிய பின் வருவதைப் பற்றி மருத்துவக் குறிப்புகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. கடிக்குப் பின் கர்ப்பம் தொடருமானால், நஞ்சுக்கொடியின் ஒரு பகுதி சேதமடைந்திருக்கலாம் என்பதால், குழந்தையின் வளர்ச்சியை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் மூலம் அளந்துவருவது நல்லது. விஷத்தால் தாயின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு முழுமையாக மீளாவிட்டால், அடுத்தடுத்த கர்ப்பங்களில் இரத்த அழுத்தம் உயர்வதற்கும் குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் வாய்ப்புக் கூடும்.

கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கு இன்னொரு மறைவான பாதிப்பும் நேரலாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இரத்தம் கசிந்தோ இரத்த ஓட்டம் தடைப்பட்டோ அது செயலிழப்பது மியான்மரிலும் தென்னிந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பத்தில் இச்சுரப்பி பெரிதாகிவிடுவதால், பிரசவத்தில் பேரளவு இரத்தத்தை இழக்கும் பெண்களுக்கும் இதே சேதம் ஏற்படுவதை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். கடியும் பிரசவ இரத்தப்போக்கும் ஒருவருக்கே நேர்ந்தால் இரு காரணங்களும் ஒன்றுசேர்கின்றன. அதன் அடையாளங்கள் எளிதில் வேறு எதற்கோ ஏற்றிச் சொல்லப்படக்கூடியவை: தாய்ப்பால் சுரக்காமை, மாதவிலக்குத் திரும்பாமை, நீங்காத சோர்வு, குளிரைத் தாங்க முடியாமை, அடிக்கடி மயக்கம். பாம்புக்கடிக்குச் சிகிச்சை பெற்ற தாய் ஒருவர் மாதங்கள் கழித்து இவற்றோடு வந்தால், தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனையோடு, அழுத்தமான நேரங்களில் உடலைத் தாங்கும் ஹார்மோனான கார்டிசாலின் காலைநேர அளவையும் பார்க்க வேண்டும். இரண்டும் குறைந்திருந்தால் முதலில் கார்டிசாலுக்கான மருந்தைத் தொடங்கிய பிறகே தைராக்சின் மாத்திரையைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறித் தைராக்சினை மட்டும் கொடுத்தால், உடலில் எஞ்சியிருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் விரைவாகச் செலவழிந்து, தாய் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடக்கூடும்.